ரைஃபிள் கேட்ட தம்பியும் ரெண்டு கிலோமீட்டரும்

போன மாசம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு ஊரிலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். அந்த நேரத்தில் ஊர் போன் வந்தால் நம்மைப் போல வெளியூரில் கிடக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. யாருக்கு என்னவோ என்று எழுந்து உட்கார்ந்து, ஹாலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி "என்னலே?" என்றால்,

"அண்ணே, ஒண்ணரை லட்சம் வேணும். ரைஃபிள் வாங்கணும்."

கேட்டதும் சிரித்துவிட்டேன். செம்பூரில் மூணாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பது சுலபம். அவன் சிரிக்கவில்லை. முந்தின ராத்திரி பன்னிக்கூட்டம் இறங்கி ஏத்தன் வாழையில் ஒரு பக்கத்தையே சாய்த்துவிட்டதாம். குலை தள்ளுகிற பருவம். காட்டுப்பன்னிக்குக் காயைப் பற்றி அக்கறையில்லை, அடிக்கிழங்குக்குத்தான் வரும். மூக்கால் மண்ணைக் கிண்டிக் கிழங்கைத் தின்றுவிட்டுப் போனால் எட்டு மாசப் பாடு படுத்துவிடும். எங்கள் ஊர் கடையம் பக்கம், களக்காடு முண்டந்துறைக் காட்டின் அடிவாரம். சின்ன வயசில் பன்னி என்றால் வருசத்துக்கு ஒருநாள் பேச்சு. இப்போது வாரத்துக்கு மூணு நாள் ராத்திரிப் பாடு.

ரைஃபிள் யோசனை அவனாகப் பிடித்தது இல்லை. டெக்சாஸில் இருக்கிற அத்தை மகன், எனக்கு மச்சான், வாட்ஸப்பில் ஒரு பட்டியலே அனுப்பியிருந்தான். ரெமிங்டன் 700, சாவேஜ், டிக்கா. .223 அல்லது .22-250, கனத்த குழல், மேலே பெரிய ஸ்கோப், கீழே ரெண்டு கால் ஸ்டாண்டு. "முன்னூறு கஜத்துல இருந்து அடிச்சுரலாம் மாப்ள, பக்கத்துலயே போக வேண்டாம்" என்று வாய்ஸ் மெசேஜ் வேறு. மச்சானைத் தப்பு சொல்லமாட்டேன். அவன் இருக்கிற இடத்தில் அது சரி. டெக்சாஸில் 2019 முதல், நிலத்துக்காரர் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்னி சுட வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம். அவன் வார இறுதியில் போய் சுட்டுவிட்டு போட்டோ போடுவான், நாமும் லைக் போடுவோம்.

எனக்குத் துப்பாக்கி பற்றித் தெரிந்தது கொஞ்சம். கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைஃபிளில் அஞ்சு குண்டு சுட்டேன் (நாலு அட்டையிலேயே படவில்லை, அது வேறு கதை). பிறகு இங்கே ஆபீஸ் நண்பர் ஒருவர் வோர்லியில் இருக்கிற ரைஃபிள் சங்கச் சுடுதளத்துக்கு ரெண்டு மூணு தடவை கூட்டிக்கொண்டு போனார். அதிலிருந்து கிறுக்குப் பிடித்து கொஞ்சம் படித்தேன். தம்பி கேட்டதும் பழைய கிறுக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டது.

மச்சானுடைய பட்டியலை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் வார்மிண்ட் ரைஃபிள் என்று ஒரு தனி வகையே உண்டு. புல்வெளியில் வளை தோண்டுகிற பிரெய்ரி டாக், கிரவுண்ட்ஹாக், ஆட்டைத் தூக்குகிற கயோட்டி, இதுகளைத் தூரத்திலிருந்து அடிக்க. பெரும்பாலும் போல்ட் ஆக்ஷன், அதாவது கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுவது. சுடும்போது உள்ளே எந்தப் பாகமும் ஓடாது, தோட்டாவுக்குப் பின்னால் போல்ட் கெட்டியாகப் பூட்டிக்கொண்டு நிற்கும். அதனால் குறி சிதறாது. 1898ல் மௌசர் செய்த அமைப்பைத்தான் இன்றைக்கும் பாதிப் பேர் கொஞ்சம் மாற்றிச் செய்துகொண்டிருக்கிறார்கள். கனத்த குழல் எதற்கென்றால், ஒரு மத்தியானத்தில் ஐம்பது அறுபது குண்டு சுடுவார்கள், மெல்லிய குழல் சூடேறிக் குறி நகர்ந்துவிடும்.

குண்டு விஷயம்தான் முக்கியம். வார்மிண்ட் குண்டு இலேசானது. .22-250ல் 55 கிரெயின், நம் கணக்கில் சுமார் மூணரை கிராம்தான், ஆனால் வினாடிக்கு 3,600 அடிக்கு மேல் பறக்கும். பட்ட இடத்தில் சுக்குநூறாக உடையும்படி செய்திருப்பார்கள். தவறி மண்ணில் பட்டாலும் எகிறிப் போகாமல் அங்கேயே பொடியாக வேண்டும் என்பது ஒரு காரணம். அஞ்சு கிலோ பிராணிக்கு அது போதும். எங்கள் ஊர் ஆண் பன்னிக்கு? தோளில் தடித்த தோலும் நாருமாகக் கேடயம் மாதிரி ஒன்று வைத்திருக்கும். உடையும் குண்டு மேலோடு வெடித்துப் புண்ணாக்கிவிட்டு நின்றுவிடலாம். புண்பட்ட பன்னி வாழைக்குள் படுத்துக் கிடக்கும். விடிந்ததும் தண்ணி பாய்ச்ச வருகிறவர் மேல் பாயும். ஆகவே மச்சான் சொன்னதில் தூரமும் சரியில்லை, குண்டும் சரியில்லை. அவனே பன்னிக்கு வேறு கனமான குண்டுதான் போடுகிறான் என்று கேட்டபோது ஒத்துக்கொண்டான். பட்டியலை யூடியூப்பில் பார்த்து அனுப்பினானாம்!

சரி, கனமான குண்டு என்றால் நம் நாட்டில் என்ன கிடைக்கும்? வெளிநாட்டு ரைஃபிளை மறந்துவிடலாம். எண்பதுகளின் நடுவிலிருந்து சாதாரண ஆள் துப்பாக்கி இறக்குமதி செய்ய வழியில்லை, பதக்கம் வாங்குகிற துப்பாக்கி வீரர்களுக்குத்தான் விலக்கு. மிஞ்சுவது அரசுத் தொழிற்சாலைச் சரக்கு. வங்காளத்து இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் .315. பழைய லீ என்ஃபீல்டு போல்ட் அமைப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்பதற்காகப் பிறந்த அளவு இது. அவன் போயும் அளவு போகவில்லை. கனத்த குண்டு, மெதுவான வேகம், நூறு நூற்றைம்பது மீட்டருக்குள் பன்னியை நிறுத்தும். .30-06ம் இருக்கிறது, அது இன்னும் பலமானது. .22 பற்றியும் தம்பி கேட்டான். அம்பது மீட்டருக்குக் குறி வைத்த .22, நூறு மீட்டரில் சுமார் அரையடி கீழே இறங்கிவிடும். பன்னிக்கு அது கொசுக்கடி.

நான் அவனிடம் கேட்ட கேள்வி வேறு. "குண்டு பன்னிமேல படலேன்னா எங்கலே போவும்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. எங்கள் வயலுக்குக் கிழக்கே ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி வீடுகள். மேற்கே தோப்புகளில் காவலுக்குப் படுத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் பன்னிக்குப் பயந்து படுத்திருப்பவர்கள்தான். .30-06 குண்டு மேலே தூக்கிச் சுட்டால் நாலு கிலோமீட்டர்வரை போகக்கூடியது. சின்ன .22 கூட ஒரு மைல் தாண்டும். டெக்சாஸில் பன்னிக்குப் பின்னால் குன்று இருக்கும்படி வைத்துப் பகலில் சுடுகிறான். எங்கள் ஊர் பன்னி ராத்திரி ரெண்டு மணிக்கு, வாழைக்கு நடுவில், முப்பது நாற்பது மீட்டரில், டார்ச் வெளிச்சத்தில் ரெண்டு கண்ணாகத் தெரியும். முன்னூறு கஜம் திறந்த வெளி எங்கே இருக்கிறது? தூரத்துக்கென்று செய்த ரைஃபிளுக்கு எங்கள் ஊரில் வேலை இல்லை. பரணில் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணுக்குள் போகும், அதுதான் ஒரே யோக்கியமான வழி. அதற்கும் ரைஃபிளைவிட இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கிதான் பொருத்தம், அதன் ரவை அத்தனை தூரம் போகாது.

இதைச் சட்டம் போட்டவர்களும் யோசித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தில் 13ஆவது பிரிவைப் படித்தேன். பயிர்க்காவலுக்கென்று அதில் சொல்லியிருப்பது முன்வாயில் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. அது போதாது என்று லைசென்ஸ் தருகிற அதிகாரிக்குத் தோன்றினால், உள்ளே வரி போடாத குழல் உள்ள வேறு துப்பாக்கிக்குத் தரலாம். .22 ரைஃபிள் என்றால் ரைஃபிள் சங்க உறுப்பினர், குறிப் பயிற்சி. பயிர்க்காவலுக்கு ரைஃபிள் என்ற பேச்சே அங்கே இல்லை. தனியாகத் தக்க காரணம் காட்டிக் கேட்கலாம், கலெக்டர் தந்தால் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் ரெண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. எங்களுக்கு ஒன்றுக்கே வழியைக் காணோம் :-)

எங்கள் தாத்தாவிடம் அப்படி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி ஒன்று இருந்தது. லைசென்ஸ் துப்பாக்கிதான். அதைப் போட்டு அவர் பன்னி சுட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ராத்திரி ஒரு வெடி, அவ்வளவுதான், ஊருக்கே கேட்கும். ஏதோ ஒரு தேர்தலுக்கு ஒப்படைத்தது, அவர் காலமான பிறகு யாரும் போய்க் கேட்கவில்லை.

காற்றுத் துப்பாக்கி பற்றி ஒரு வரி. 2016 ஆயுத விதிகளின்படி .177 அளவில், 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். அதனால் ஊரில் நிறையப் பேர் வாங்கி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து பன்னிமேல் அடிக்காதீர்கள், பெல்லட்டைத் தோலில் வைத்துக்கொண்டு சீழ்பிடித்து அலையும்.

இப்போது துப்பாக்கி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பன்னியைச் சுடலாமா? 1972 வனவிலங்குச் சட்டப்படி காட்டுப்பன்னி பாதுகாக்கப்பட்ட பிராணி. முன்பு காகம், எலி, பழந்தின்னி வௌவால் இவற்றுக்கு "வெர்மின்" என்று தனி அட்டவணை இருந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது, 2023 ஏப்ரலில் அமலானது. ஆனாலும் 62ஆவது பிரிவில் மத்திய அரசு ஒரு பிராணியை ஓர் இடத்துக்கு, ஒரு காலத்துக்கு வெர்மின் என்று அறிவிக்கலாம். பீகாருக்கு 2015 டிசம்பரில் நீல்காயையும் காட்டுப்பன்னியையும் அப்படி அறிவித்தார்கள். அடுத்த ஜூனில் மொகாமாவில் ஹைதராபாத்திலிருந்து வந்த சுடுநர்கள் இருநூறுக்கும் மேலான நீல்காயைச் சுட்டார்கள். மேனகா காந்தி சொந்த அரசின் சுற்றுச்சூழல் அமைச்சரையே வெளிப்படையாகத் திட்டினார். மாட்டுங்கா காபிக் கடையில் நாங்கள் அதைப் பற்றிக் காரசாரமாகப் பேசினோம். அப்போது நான் மேனகா கட்சி. எங்கள் வாழை அப்போது நின்றுகொண்டிருந்தது, அதனால்தான் அந்தக் கட்சி என்று இப்போது தோன்றுகிறது.

கேரளா வேறு வழி போனது. 2022ல் ஊராட்சித் தலைவர்களுக்கே உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்தார்கள். லைசென்ஸ் உள்ள சுடுநர்களைப் பட்டியல் போட்டு வைத்துக் கூப்பிடுவது, சுட்ட பன்னியைப் புதைத்துவிட வேண்டும், தின்னக்கூடாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த முடிவு இது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்த பன்னியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூணு கிலோமீட்டர்வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். மூணைத் தாண்டினால், ஊர் அளவிலான குழு சொன்ன பிறகு வனத்துறை ஆட்கள் சுடலாம். விவசாயி எங்கேயும் சுட முடியாது.

எங்கள் வயல் ரெண்டு கிலோமீட்டர்.

நான் மேப்பில் அளந்து பார்த்தேன், தம்பி பைக் மீட்டரில் அளந்து பார்த்தான். ரெண்டுதான், கூடக் குறையக் கொஞ்சம். "மாமா தோப்பு மூணரை கிலோமீட்டர்ல இருக்கு, அவுகளுக்கு வந்து சுடுவாவளாம். அந்தப் பன்னி எங்க வயல மிதிச்சுட்டுத்தான அங்க போவுது?" என்றான். இந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் இருக்கிறது? பிடித்துக் காட்டில் விட்டால் பன்னிக்கு எங்கள் வாழையின் ருசி மறந்துபோகுமா? கூண்டு எத்தனை பேருக்கு, எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும்? விதியை எழுதியவர்களுக்குக் காட்டோரத்தில் திருட்டு வேட்டை பெருகும் என்ற பயம். நியாயமான பயம்தான், காட்டெல்லையில் ராத்திரி வெடிச்சத்தம் கேட்டால் எது விவசாயி, எது கள்ள வேட்டை என்று காவலருக்குத் தெரியாது. ஆனால் நடுவில் கிடக்கிற ரெண்டு கிலோமீட்டர் ஆட்களுக்குக் கூண்டு என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்துவிட்டுப் போனது சரியில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ரைஃபிள் கேட்ட மறுநாள் சித்தி தனியாகப் போன் பண்ணினாள். "ஏய்யா, அவன் அம்பாசமுத்திரத்துல கட்டுக்கம்பி ரெண்டு சுருள் வாங்கியாந்து மச்சுல வச்சிருக்கான். கேட்டா பந்தலுக்குங்கான். நமக்கு என்னய்யா பந்தலு?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் ரூமிலிருந்தோ போஸ்டிலிருந்தோ கொக்கி போட்டு, வயலைச் சுற்றித் தரையோடு கம்பி இழுத்து, ராத்திரி கரண்டு விடுவது. பன்னி மட்டும் படும் என்று கம்பிக்கு யார் சொல்லிக் கொடுத்தது? 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளி பக்கம் இப்படிப் போட்ட வேலியில் மூணு யானைகள் செத்தன, ரெண்டு குட்டிகள் தாயைச் சுற்றிக்கொண்டு நின்றதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பழத்துக்குள் வெடிமருந்து வைக்கிற அவுட்டுக்காய் இன்னொன்று. 2020 மே மாசம் பாலக்காட்டில் வாய் கிழிந்து ஆற்றுத் தண்ணிக்குள் நின்றபடியே செத்துப்போன சினை யானை அந்த ரகம். யானை என்றால் நாடு முழுக்கச் செய்தி. தண்ணி திருப்ப விடிகாலையில் போன கூலிக்காரர் என்றால் உள்ளூர்ப் பேப்பரில் நாலு வரி. பக்கத்து ஊரில் அப்படி ஒருவர் போனார், கம்பி போட்டவர் அவருடைய சொந்தச் சித்தப்பா மகன். ஒருவர் சுடுகாட்டில், ஒருவர் பாளையங்கோட்டை ஜெயிலில், ரெண்டு வீட்டுப் பெண்களும் இன்றைக்கும் ஒரே குழாயில் தண்ணி பிடிக்கிறார்கள்.

அதனால்தான் "ரைஃபிள் கிடையாது, போலே" என்று நான் போனை வைக்க முடியவில்லை. எதுவும் கிடையாது என்று சொன்னால் மச்சில் இருக்கிற கம்பி கீழே இறங்கும்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். பன்னியைச் சுடுவதற்கு நான் எதிரியில்லை. பெருகிய இடத்தில் குறைக்கத்தான் வேண்டும். செம்பூரில் பால்கனிப் புறாவுக்கே வலை கட்டிவிட்டு, ஊர்க்காரன் பன்னியோடு சேர்ந்து வாழப் பழக வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சுடுவது தொழில் தெரிந்தவன் செய்ய வேண்டியது. எந்தக் குண்டு, எந்தக் கோணம், பின்னால் என்ன இருக்கிறது, புண்பட்டால் யார் தேடிப்போவது என்று தெரிந்தவன். வனத்துறை ஆளோ, கேரளா மாதிரிப் பட்டியலில் உள்ள லைசென்ஸ்காரரோ, ஊருக்கு ரெண்டு பேர் போதும். அந்த ஏற்பாடு ரெண்டு கிலோமீட்டருக்கும் வர வேண்டும், அதற்கு மனுப் போடலாம், ஊர்க் குழுவில் பேசலாம். நாலு ராத்திரி தூங்காத விவசாயி கையில் ரைஃபிளைக் கொடுத்து இருட்டில் ரெண்டு கண்ணைப் பார்த்துச் சுடு என்று சொல்வது, அதுவும் நாம் அனுப்பிய பணத்தில், எனக்குச் சம்மதமில்லை. வெளியூரில் இருக்கிற நாம் ஊர்ப் பிரச்சினைக்குப் பெரும்பாலும் ஒரு பொருளைத்தான் அனுப்புகிறோம். பொருளும் யூடியூப் பட்டியலும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பணத்தில் பாதியைச் சோலார் வேலிக்கு அனுப்பியிருக்கிறேன். அது கொல்லாது, வினாடிக்கு ஒரு தடவை சுள்ளென்று அடித்து விட்டுவிடும். 2023ல் தமிழ்நாட்டில் இந்த வேலிகளுக்கும் பதிவு, விதி எல்லாம் வந்துவிட்டன, முறையாக எழுதிக் கொடுத்துத்தான் போட வேண்டும். சிக்கல் என்னவென்றால், பன்னிக்குக் கம்பி தரையோடு ஒட்டி இருக்க வேண்டும், தரையோடு இருந்தால் புல் தொட்டுத் தொட்டுக் கரண்டு இறங்கிவிடும். வாரம் ஒருமுறை வேலியடியில் புல் செதுக்க ஆள் வேண்டும். "அதுக்கு ஆளு எங்கண்ணே இருக்கு? எல்லாரும் உங்களமாரி பம்பாய்க்குப் போயாச்சு" என்றான். பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

வேலி வந்து சேர மூணு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் என்ன செய்ய என்று கேட்டான். தாதர் - திருநெல்வேலி ரயிலில் எனக்கு ஒரு டிக்கெட் கிடைத்திருக்கிறது, பத்து நாள் லீவு. பரணில் நானும் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறேன். "நீங்க வந்து என்னத்தண்ணே செய்யப் போறிய, தூங்கிருவிய" என்று சிரித்தான். அந்தப் போனுக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். லோகார் சாலில் நல்ல டார்ச்சாக ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறான். வரும்போது அந்த ரெண்டு சுருள் கம்பியையும் என்னோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுவதாகச் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன், அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

பன்னிக்குச் சோலார் வேலி போட்ட அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால், அடிக்கம்பியைத் தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் கட்டினீர்கள் என்று சொல்லுங்கள். வியாழக்கிழமை கிளம்புகிறேன்.